ஒன்பது எலிகளின் நோன்பு

அலெக்சாந்திரியாவில் மெக்ஸ் பக்கம் எங்கள் தெருவில் வந்து பஸ்யூனி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எலியப்பன் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடும். காப்பிக் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் தன் தேநீர்க் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் மூடாமல் இருக்க மாட்டார்.

என் உத்தியோகம் அப்படி. எலிகளுக்கு விஷம் கொடுப்பதற்கு அரசாங்கம் இருபத்தாறு வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. துறைமுகத்தில் வந்து இறங்கும் புதுப்புதுத் தொழிற்சாலைத் திரவங்களை மனிதர்கள் கையில் எடுப்பதற்கு முன்னால், ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்று எங்கள் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். சொல்வது டாக்டர் மாகிதா. சாவது எலி. நடுவில், மழுங்கிய முனையுள்ள வளைந்த ஊசியை எலியின் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்குகிறவன் நான்.

இதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளைக் கோட்டுப் பையில் மூன்று பேனா வைத்திருப்பேன். அதில் இரண்டு எழுதாது. கல்யாண விருந்துகளில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "சாதாரண உப்புகூட இத்தனை கரண்டி தின்னா ஆளை முடிச்சிடும், தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். எங்களுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. "இருபத்தாறு வருஷம்" என்று நான் வாயைத் திறந்தால், என் மனைவி கவ்கப் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "ஒரு தப்பு கிடையாது" என்று முடித்து வைப்பாள்.

அந்த ரமலானுக்கு முந்தின வாரம் நாற்பத்தொன்றாம் எண் மாதிரி வந்தது. தோல் பதனிடும் இடத்தில் ஈரத்தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஊற்றுகிற திரவம். நிறம் தேன் மாதிரி, வாடை அழுகிய முட்டைக்கோசு மாதிரி. எங்கள் கணக்கு எளிது. எலியின் எடையில் கிலோவுக்கு முந்நூறு மில்லிகிராம் கொடுத்து, எலிகள் செத்தால் டிரம்மின் மேல் மண்டையோடு ஒட்டுவார்கள். பிழைத்தால் அதற்கு மேலே போய்ப் பார்த்துவிட்டு, வெறும் ஆச்சரியக்குறி ஒட்டுவார்கள்.

இந்த இரண்டு படத்துக்கும் நடுவே எங்கள் ஊரில் உள்ள தூரம் பெரியது. மண்டையோடு உள்ள டிரம் காலியானால் தோல் பதனிடும் இடத்திலேயே ஓட்டை போட்டு நசுக்கிவிட வேண்டும். அந்த இடத்துக் காவலாளி எதிரில் நின்று பார்ப்பார். ஆச்சரியக்குறி உள்ள டிரம் காலியானால் பின்வாசல் வழியாகக் கழுவு தொட்டிக்கு வரும், அங்கிருந்து ஊறுகாய்க் கடைக்குப் போகும். ஆச்சரியக்குறியைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நல்ல தடித்த நீல டிரம். முள்ளங்கியும் கேரட்டும் எலுமிச்சையும் உப்புத் தண்ணீரில் ஊறுவதற்கு அதைவிட வாகான பாத்திரம் கிடைக்காது.

அந்த டிரம்களுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவன் என் மைத்துனன் தசூக்கி. கவ்கபின் தம்பி. ஊறுகாய்க்காரன். ரமலானில் ஊறுகாய் இல்லாமல் எந்த வீட்டிலும் நோன்பு திறக்க மாட்டார்கள் என்பதால் அவனுக்கு அது அறுவடை மாதம்.

"மச்சான், உங்க எலிங்களுக்காக நான் துஆ செய்றேன்," என்பான். "எலி பிழைக்கணும்னு துஆ செய்ற ஊறுகாய்க்காரன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்."

"பரிசோதனைல தலையிடாத. எலிக்கும் எனக்கும் நடுவுல ஆண்டவன்தான்."

"அவருக்கும் ரெண்டு டிரம் வச்சிருக்கேன்னு சொல்லுங்க."

"அல்லாஹ் மன்னிக்கட்டும்டா உன்ன," என்று கவ்கப் அவன் முதுகில் கரண்டியால் ஒன்று வைப்பாள்.

மருந்து கொடுப்பதற்கு முந்தின இரவு எலிகள் பட்டினி கிடக்க வேண்டும். தண்ணீர் உண்டு, தீனி கிடையாது. வயிற்றில் தீனி இருந்தால் விஷம் அதில் ஊறி மெதுவாகத்தான் ரத்தத்துக்கு ஏறும். பொல்லாத விஷமும் சாது மாதிரி நடிக்கும். இது எங்கள் வேலையில் அரிச்சுவடி. சாயங்காலம் தீனித் தட்டை நானே என் கையால் எடுத்துவிடுவேன், எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவேன். காலையில் மறுபடி எடை. பட்டினி கிடந்த எலி பத்துப் பன்னிரண்டு கிராம் இளைத்திருக்கும்.

ரமலானில் ஆய்வுக்கூடம் மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு கட்டடத்தில் இருப்பவன் காவலாளி ஷெஹாத்தா ஒருவன்தான். தெற்கே சோஹாக் பக்கத்துக்காரன், வேலைக்கு வந்து ஆறு மாதம். வாசலை ஒட்டின அறையில் குடியிருந்தான். எலி அறையில் குளிர்சாதனம் ஓடுகிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது அவன் பொறுப்பு. வேறு மாதங்களில் எலிகள் பட்டினி கிடந்ததை அவனும் பார்த்திருக்கிறான், கண்டுகொண்டதே இல்லை. கண்டுகொள்ள வைத்த புண்ணியவான் நான்.

நோன்பு இரண்டாம் நாள் மதியம். முதல் மூன்று பெட்டை எலிகளின் தீனித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஷெஹாத்தா வாசலில் நின்று, "எதுக்கு உஸ்தாத் இதுங்க சோத்த புடுங்குறீங்க?" என்றான்.

பசி நேரத்தில் எனக்கு நகைச்சுவை கொஞ்சம் ஊறும். "இதுங்களும் நோன்புதான் ஷெஹாத்தா," என்றேன்.

"தண்ணி பாட்டில் இருக்கே? தண்ணி குடிச்சா நோன்பு முறிஞ்சிடாது?"

"எலிகளுக்கு வேற சட்டம்."

அவன் சிரிக்கவில்லை. கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நானோ அந்த நகைச்சுவையில் சொக்கிப்போய் மாடிக்குப் போய் எல்லா அறையிலும் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். கூண்டில் "தீனி கூடாது" என்று ஒரு அட்டை தொங்கவிட வேண்டும் என்பது விதி. அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. இருபத்தாறு வருஷ அனுபவசாலிக்கு அட்டை எதற்கு?

மறுநாள் காலை எடை போட்டேன். முதல் எலி நாலு கிராம் ஏறியிருந்தது. இரண்டாவது ஐந்து. மூன்றாவது மூன்று.

எதையும் தின்னாத எலி எப்படி எடை ஏறும் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்டிருப்பான். நான் தராசை மேலிருந்து கீழ்வரை முறைத்துப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதிவேட்டில் ஓரமாக "தராசு சரியில்லை" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஒரு எலியின் மீசையில் ஃபூல் பயற்றின் தோல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நோன்பு மயக்கத்தில் காண்பதெல்லாம் ஃபூலாகத் தெரிகிறது என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டு ஊசியை இறக்கினேன்.

மூன்றும் பிழைத்தன. இரண்டு நாள் கழித்து இன்னும் மூன்று, அவையும் பிழைத்தன. அடுத்து இரண்டாயிரம் மில்லிகிராம் வாங்கிய மூன்றும் செத்தன. ஆக, தாங்கும் அளவு முந்நூற்றுக்கு மேலே, இரண்டாயிரத்துக்குக் கீழே. ஆச்சரியக்குறி. பிழைத்த எலிகளைப் பதினாலு நாள் பார்த்துவிட்டு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் டாக்டர் கையெழுத்து விழும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது.

அந்தக் கடைசி மூன்றும் செத்த அன்று நோன்பு திறந்து, வயிறு நிறைந்து, மல்லாந்து கிடந்தபோது தசூக்கி வந்தான். "எலிங்க எப்படி மச்சான்?" என்றான். தவளை தன் வாயால் கெடும். "ஓடி ஆடுது," என்றேன். "எழுதி வச்சுக்கோ, ஆச்சரியக்குறிதான்."

"நிச்சயமா?"

"இருபத்தாறு வருஷம்..."

"ஒரு தப்பு கிடையாது," என்று கவ்கப் சமையலறையிலிருந்து முடித்தாள்.

மறுநாளே அவன் தோல் பதனிடும் இடத்தில் பேசி, அறிக்கைக்குக் காத்திராமல் அங்கே ஊற்றிக் காலிசெய்திருந்த அதே திரவத்தின் எட்டு டிரம்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். என் வார்த்தைதான் அவனுக்கு அறிக்கை.

நோன்பு இருபத்தொன்று. அறிக்கை தட்டச்சாகி டாக்டர் மாகிதாவின் மேசைக்குப் போயிருந்தது. மறுநாள் காலை கையெழுத்து. நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பும்போது ஷெஹாத்தா வாசலில் வழிமறித்தான். முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்த ஒரு சிரிப்பு.

"உஸ்தாத், ஒரு சந்தேகம். நோன்பாளிக்கு சோறு குடுத்தா அந்த நோன்போட நன்மை குடுத்தவனுக்கும் உண்டுதானே?"

"உண்டு. அதுக்கென்ன?"

"எலியா இருந்தாலும் உண்டா?"

நான் நின்றேன்.

"ஒண்ணுகூட விடல உஸ்தாத். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுந்தப்பல்லாம் அதுங்களுக்கும் வச்சேன். ரொட்டிய ஃபூல் சாற்றுல ஊறவச்சு, எண்ணெய் விடாம. ஒம்பது எலிக்கும். பாவம், சஹர் இல்லாம நோன்பு புடிக்கிறது எம்புட்டுக் கஷ்டம்? நம்மளாலயே முடியாது." குரலைத் தாழ்த்தினான். "நன்மைக்காகச் செஞ்சது, வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சந்தேகம் வந்திடுச்சு."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. எதற்கு அடிப்பது? அந்தக் கட்டடத்திலேயே அந்த எலிகளின் பசியை நினைத்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். "உண்டு, உண்டு," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

வீட்டுக்குப் போகும் சின்ன வேனில் உட்கார்ந்துகொண்டு என் வழக்கை நானே வாதாடினேன். பதினாலு நாள் முடிந்து, பிழைத்த எலிகளையும் கொன்று புதைத்தாயிற்று. ஷெஹாத்தாவுக்கு விஷயம் புரியாது. தராசு சரியில்லை என்று பதிவேடே சாட்சி சொல்கிறது. ரொட்டித் துண்டு அப்படி என்ன பெரிதாக மாற்றியிருக்கும்? இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு. எங்கள் நிறுத்தம் வருவதற்குள் நான் என்னை முழுசாக மன்னித்துவிட்டேன்.

நோன்பு திறக்க தசூக்கி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பேரீச்சம்பழம், பருப்பு சூப்பு, முலூக்கியாக் கீரை எல்லாம் மேசையில் இருந்தது. நடுவே, பீட்ரூட் போட்டுச் சிவந்துபோன முள்ளங்கியும் கேரட்டும் மினுமினுக்க, பெரிய கண்ணாடிக் கிண்ணம்.

"முத டிரம், முதக் கிண்ணம்," என்றான் தசூக்கி. "கடைக்கு நாளைக்குத்தான் எடுக்கப்போறேன். முதல்ல உங்க வீட்டுக்குத்தான் மச்சான். உங்க எலி தந்த ஊறுகாய்."

ஜன்னலுக்கு வெளியே நோன்பு திறக்கும் நேரத்துப் பீரங்கி வெடித்தது. மசூதியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். நாங்கள் பெரியவர்கள் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினோம். தசூக்கியின் மகள் நதாவுக்கு ஐந்து வயது, நோன்பும் கிடையாது, காத்திருக்கும் பழக்கமும் கிடையாது. அவள் கை நேராகக் கிண்ணத்துக்குப் போனது. ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

நான் மேசைமேல் பாய்ந்தேன். அவள் கையில் அடித்தேன். துண்டு சுவரில் போய் ஒட்டியது. கிண்ணம் கவிழ்ந்து சிவப்புத் தண்ணீர் விரிப்பெல்லாம் ஓடியது. குழந்தை வீறிட்டாள்.

"அந்த எலிங்க நோன்பு இல்ல!" என்று கத்தினேன்.

மேசையைச் சுற்றி எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான் சொல்றீங்க?" என்றான் தசூக்கி.

"சஹர் சாப்பிட்டுடுச்சு. ஒம்பதும். ரொட்டியும் ஃபூலும்."

"பசி தலைக்கேறிடுச்சு," என்று கவ்கப் என் வாயருகே தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்தாள். "மொதல்ல இத குடிங்க."

குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஷெஹாத்தா, அட்டை, நாலு கிராம், தராசு, மீசையில் இருந்த தோல். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சகிக்கவில்லை. வேனில் வரும்போது யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன், அதையும் சொன்னேன். தசூக்கி எழுந்து மகளின் விரல்களைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். வாசலில் செருப்பைத் தேடும்போது அக்காவிடம் மட்டும் சொன்னான்: "எட்டு டிரம். நாளைக்குத் தெருவெல்லாம் தின்னிருக்கும்."

நான் அன்று வெட்கத்தில் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

காலையில் டாக்டர் மாகிதா பேனாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். டாக்டர் திட்ட மாட்டார். திட்டினால் தேவலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதிவேட்டை வாங்கி விரலால் வரி வரியாகப் பார்த்தார்.

"இந்த நாலு கிராம் என்ன பஸ்யூனி?"

"தராசு சரியில்லைன்னு நெனச்சேன் டாக்டரம்மா."

"தராசு ஃபூல் தின்னுச்சா?"

அவர் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். "நானும்தான் போட்டிருக்கேன். நோன்புல எனக்கும் கண்ணு தெரியல போல," என்றார். அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். "உங்க கையாலேயே எழுதுங்க, என்ன நடந்துச்சுன்னு. அந்த எட்டு டிரம்மும் எங்க இருக்குன்னும் எழுதுங்க. இன்னைக்கே வண்டி அனுப்பறேன்."

எழுதினேன். மூன்றில் எழுதுகிற ஒரே பேனாவால். வண்டி வந்து டிரம்களை ஊறுகாயோடு ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே நின்று பார்த்தது.

அன்று மதியம் மூன்று புது எலிகளின் தட்டை எடுத்தேன். கூண்டில் அட்டையைத் தொங்கவிட்டேன். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குளிர்சாதனம் நின்றுவிட்டால் எனக்கு போன் செய்யச் சொன்னேன். ஷெஹாத்தாவிடம் காரணத்தையும் சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் நல்லதுன்னு நெனச்சேன் உஸ்தாத்."

"நல்லதுதான்டா. அட்டைய மாட்டாதது நீ இல்ல, நான்."

காலையில் எடை: பதினொன்று, பத்து, பன்னிரண்டு கிராம் குறைந்திருந்தது. தராசு ரொம்பச் சரியாக இருந்தது. அதே முந்நூறுதான் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் முதல் எலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதிய லுஹர் பாங்குக்குள் இரண்டு போயின. மூன்றாவது நான் கோட்டைக் கழற்றும் நேரத்தில் போனது. எலி செத்ததற்காக இருபத்தாறு வருஷத்தில் நான் அழுதது அன்று ஒரு நாள்தான். அந்தச் சிவப்புத் துண்டும் நதாவின் வாயும் கண்ணிலேயே நின்றன.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு மண்டையோடு. மெக்ஸில் அந்தத் திரவம் வந்த டிரம் எல்லாவற்றையும் நசுக்கினார்கள். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கவ்கப் கேட்டாள். காப்பிக் கடையில் ஒரு முன்னேற்றம்: பக்கத்து மேசைக்காரர் இப்போது கோப்பையை மூடுவதில்லை. "எலிக்கு சஹர் போடுற மனுஷன், நமக்கா விஷம் வைப்பாரு?" என்கிறார்.

தசூக்கி மட்டும் வரவில்லை. அவன் அறுவடை போனது என்னால். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? தெருவில் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் ஏறிவிடுவான்.

பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், வரவேற்பறையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். மேசையில் புதுக் கண்ணாடி ஜாடி. உள்ளே முள்ளங்கி, கேரட், எலுமிச்சை. ஜாடியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் நதா கலர் பென்சிலால் ஒரு எலி வரைந்திருந்தாள். எலி சிரித்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடி ஜாடி. கடையில புதுசா வாங்கினது," என்றான் தசூக்கி. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி நீட்டினான். "இந்தத் தடவ எங்க வீட்டு ஆளுங்க தின்றதுக்கு முன்னாடி நீங்க தின்னுங்க. எலியெல்லாம் வேண்டாம்."

"நியாயம்," என்றேன். பத்து நாளுக்குப் பிறகு அவன் என்னோடு பேசின முதல் பேச்சு அதுதான்.

"எவ்வளவு நேரம் பாக்கணும்?" என்று அவன் கைக்கடிகாரத்தைத் திருப்பினான்.

"மொத அரைமணி நேரம் கண்ண எடுக்காம பாக்கணும். அப்புறம் நாலு மணி நேரம் விட்டுவிட்டு. அப்புறம் பதினாலு நாள்."

"பதினாலு நாளும் இங்கேயே இருப்போம். சோறு போடுவா அக்கா."

நான் முள்கரண்டியை வாங்கி வாயருகே கொண்டுபோனேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நதா முன்னால் வந்து முழங்காலில் கையூன்றி, என் வாயை அண்ணாந்து பார்த்தாள். அப்போது கவ்கப் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"வெறும் வயிறுதானே?"

பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகுமுன் ஏதாவது தின்றுவிட்டுப் போவது வழக்கம். ஒரு பேரீச்சம்பழம் போதும். நான் யாருக்கும் தெரியாமல் கஅக் டப்பாவைத் திறந்து, சர்க்கரைப் பொடி தூவிய அந்த மாவுப் பலகாரத்தில் கை வைத்திருந்தேன். விருந்தாளிகள் வரும்வரை தொடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சட்டையைத் தட்டிவிட்டிருந்தேன். சாட்சி கிடையாது. முள்ளங்கியின் வாசனை மூக்கில் ஏறியது. பத்து நாளாக நான் ஊறுகாய் தின்னவில்லை.

"ரெண்டு கஅக் தின்னேன்," என்றேன். பிறகு, "அஞ்சு," என்றேன்.

தசூக்கி என் கையிலிருந்து முள்கரண்டியை வாங்கித் துண்டை ஜாடிக்குள் திரும்பப் போட்டான். மூடியை இறுக்கினான். அப்போதுதான் அவன் உதடு கோணியது, தோள் குலுங்கியது, பிறகு வீடே அதிரச் சிரித்தான். "சோதனை செல்லாது! எழுதிக்கோங்க அக்கா, எலி தின்னுடுச்சு!"

கவ்கப் ஜாடியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கஅக் டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல. தண்ணி மட்டும் குடிக்கலாம்."